பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமமா? வீட்டில் சாப்பாடு ஊட்டும் முறை

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்குத் தண்ணீர் கொடுத்தால் புரை ஏறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டு அடுத்த மடக்கைக் கொடுக்கிறோம். இவர்கள் விஷயத்தில் அப்படி விடக் கூடாது. உணவும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது, பக்கவாதத்துக்குப் பிறகு உயிருக்கே ஆபத்தாகும் காரணங்களில் ஒன்று. ஊட்டும் முறையை மாற்றினாலே இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

கழுத்தின் நடுவே விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி இறங்குவது தெரியும். அது எழும்பும் நொடியில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது, மூச்சும் சற்று நிற்கிறது. பக்கவாதத்தில் இந்த எழும்பல் தாமதமாகலாம், பலம் குறைந்தும் போகலாம். தண்ணீர் வேகமாக ஓடுவதால், வழி மூடுவதற்குள் உள்ளே போய்விடுகிறது. குழைந்த சாதம் சாப்பிட முடிந்தவருக்குத் தண்ணீரில் புரை ஏறுவது இதனால்தான்.

1. முதலில் பரிசோதனை

விழுங்கும் திறனைப் பார்க்காமல் வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், ஒரு ஸ்பூன் காபிகூட வேண்டாம். இதைப் பார்ப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சிக்கு மட்டும்தான் அவர் என்று பலர் நினைக்கிறார்கள், விழுங்கும் பயிற்சியும் அவர் வேலைதான். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. அதனால் 'இருமவில்லை, சரியாகத்தான் இறங்குகிறது' என்று நாமே முடிவு செய்ய முடியாது.

2. உட்காரவைக்கும் விதம்

முடிந்தவரை நாற்காலியில் நேராக உட்காரவையுங்கள். கட்டில்தான் என்றால் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்துங்கள். பலமில்லாத பக்கம் சாயாமல் ஒரு தலையணை அண்டை கொடுங்கள். நீங்களும் எதிரே உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளில் பழக்கம். இவர்களுக்கு அது கூடவே கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நேராகத் தொண்டைக்கு ஓடிவிடும். டம்ளரில் பாதிக்குக் கீழே இருந்தாலும் கடைசி மடக்குக்குத் தலை தானாக நிமிரும். அகலமான டம்ளரில் நிறைய ஊற்றி, குறையக் குறைய நிரப்பிக் கொடுங்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. தெரபிஸ்ட் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

3. பதம் பார்த்தல்

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். 'கெட்டியாகக் கொடுங்கள்' என்றால் ஆளுக்கு ஒரு பதம். அதனால் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறையில் 0 முதல் 7 வரை நிலைகள் வைத்திருக்கிறார்கள். 0 தண்ணீர், 7 வழக்கமான சாப்பாடு. உங்களவருக்கு எந்த எண் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பானங்களை வீட்டிலேயே சோதிக்கலாம். 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், அதில் 0 முதல் 10 வரை கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும். ஊசி வேண்டாம், உள்தண்டையும் உருவிவிடுங்கள். நுனியை விரலால் அடைத்து 10 வரை கஞ்சி ஊற்றி, விரலை எடுத்து, 10 நொடியில் மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்று கொஞ்சம் மட்டும் ஒழுகினால் நிலை 3.

கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால் கொடுக்கும் சூட்டில் சோதியுங்கள். எச்சில் பட்ட ஸ்பூனைக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துக் கஞ்சி நீர்த்துப்போகும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்கு என்றதும் ரசம் சாதமும் மோர் சாதமும்தான் நமக்குத் தோன்றும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவைதான் கஷ்டமான சாப்பாடு. பருக்கையை மெல்லும்போதே நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும். சாம்பாரில் ஊறிய இட்லியும் அப்படியே. அதற்குப் பதில் குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பும் நெய்யும் விட்டு, தனியாக நீர் நிற்காமல் மசியுங்கள். வெறும் சாதத்தை மிக்சியில் அடித்தால் பசைபோல் ஒட்டும், அதுவும் ஆபத்து. அரைத்த உணவு சரியான பதத்தில் இருந்தால், ஸ்பூனைச் சாய்த்து லேசாக அசைத்ததும் மொத்தமாக வழுக்கி விழும்.

பொரி, முறுக்கு, வேர்க்கடலை, முழுத் திராட்சை, முருங்கைக்காய் எல்லாம் வேண்டாம். தாளித்த கறிவேப்பிலையையும் பொங்கலில் முழு மிளகையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், அதையும் தண்ணீராகவே கணக்கிடுங்கள்.

மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்காதீர்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவற்றைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

4. ஊட்டுதல்

டிவியை அணையுங்கள். அரைத் தூக்கத்தில் இருந்தால் ஊட்டாதீர்கள். சிறிய ஸ்பூனில் பாதி எடுத்து, பலமுள்ள பக்கம் வையுங்கள். குரல்வளை எழும்பி இறங்குகிறதா என்று கழுத்தைப் பாருங்கள். பிறகு 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். களகளவென்று ஈரமாகக் கேட்டால், இருமிவிட்டு மறுபடி விழுங்கச் சொல்லுங்கள். தெளியவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடலாம்.

5. சாப்பிட்ட பிறகு

பலமில்லாத கன்னத்தில் உணவு தங்கியிருக்கும். அவருக்கே தெரியாது, நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும். அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

வாயைத் தினம் இருமுறை துலக்கிவிடுங்கள். எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும் வாய்க் கிருமிகள்தான் நிமோனியாவைக் கிளப்புகின்றன. மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் இது தேவை. வாயால் சாப்பிடாதவருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தவறு.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

காய்ச்சல், வேகமான மூச்சு, திடீரென்று கூடும் சளி, சாப்பாட்டுக்குப் பிறகு அசதி இருந்தால் அன்றே காட்டுங்கள். கெட்டிப் பானம் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் அதிகம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீர்ச்சத்து குறைகிறது என்று அர்த்தம்.

தொண்டையை அடைத்துப் பேச்சோ இருமலோ வராமல் தவித்தால், முன்னால் குனியவைத்து முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பக்கவாதமே இல்லாத ஒருவருக்கு முதலில் சோறும், பிறகு கஞ்சியும் நெஞ்சில் நிற்பதுபோல் இருந்தால் அது வேறு பிரச்சினை. உணவுக்குழாயில் கட்டியாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

முதல் சில வாரங்களிலேயே பலருக்கு விழுங்கும் திறன் நன்றாகத் திரும்புகிறது. எனவே முதலில் சொன்ன பதத்திலேயே மாதக்கணக்கில் நிறுத்திவிடாதீர்கள். என்ன கொடுத்தோம், எதில் இருமினார், எடை எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை தெரபிஸ்ட்டிடம் காட்டி, அடுத்த நிலைக்குப் போகலாமா என்று கேளுங்கள்.