ஃபெர்மி தரவிலிருந்து காமா கதிர் வெடிப்பின் ஒளிவளைகோட்டை வரைவது எப்படி?

2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலைகளை லைகோ, விர்கோ நிலையங்கள் பதிவு செய்தன. அதே நிகழ்வின் காமா கதிர் வெடிப்பை நாசாவின் ஃபெர்மி விண்கலத்தில் உள்ள, இத்தகைய வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவி பிடித்தது. ஜிஆர்பி 170817ஏ என்னும் அந்த வெடிப்பின் மூலத்தரவு இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒளிவளைகோட்டை (ஒளிர்வு நேரத்துக்கேற்ப மாறுவதைக் காட்டும் வரைபடத்தை) வரைய, பைத்தான் நிரல்மொழியும் அதன் வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபையும் கணினியில் இருந்தால் போதும். பிரகாசமானது எளிது என்று எண்ணி 2022 அக்டோபர் 9 வெடிப்பில் தொடங்க வேண்டாம்; அது உணரிகளையே திணறடித்துவிட்டதால் அதன் தரவைத் திருத்தாமல் பயன்படுத்த முடியாது.

முதலில், நாசாவின் உயர் ஆற்றல் வானியல் தரவுக் காப்பகமான ஹீசார்க்கில் பிஎன்170817529 என்னும் அடையாளத்தைத் தேடுங்கள். இறுதி மூன்று இலக்கங்கள் அந்நாளின் எத்தனையாவது பங்கில் வெடிப்பு நிகழ்ந்தது என்பதைக் குறிக்கின்றன. ஜிபிஎம்மில் 12 சோடியம் அயோடைடு உணரிகளும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகளும் உள்ளன. இவ்வெடிப்பை நேராக நோக்கியிருந்த சோடியம் அயோடைடு உணரிகளான 1, 2, 5 ஆகியவற்றின் டிடிஇ கோப்புகளை (ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்துடன் பதிந்தவை) மட்டும் இறக்குங்கள். டிடிஇ கோப்பில் ஒவ்வொரு ஃபோட்டானின் வருகையும் 2 மைக்ரோநொடித் துல்லியத்தில் இருப்பதால், கால இடைவெளியை நாமே தீர்மானிக்கலாம். முன்கூட்டியே தொகுக்கப்பட்ட மற்ற இரு வகைக் கோப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது காலக் கணக்கு. நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுவே. கோப்பிலுள்ள நேரம் 2001 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (உலகப் பொது நேரம்) கடந்த நொடிகளாகும். புவிச் சுழற்சிக்கேற்ப அவ்வப்போது கடிகாரத்தில் இடையில் சேர்க்கப்பட்ட லீப் நொடிகளும் அதில் அடங்கும். 2017 ஆகஸ்டுக்குள் அவ்வாறு 5 நொடிகள் சேர்ந்திருந்தன. கருவி வெடிப்பைத் தானாக அடையாளம் கண்ட தூண்டல் நேரமான 524666471-ஐப் பைத்தானின் சாதாரணத் தேதி நூலகத்தில் கூட்டினால் 12:41:11 என்று வரும். உண்மை நேரமோ 12:41:06. முழு வெடிப்புமே சுமார் 2 நொடிதான் நீடித்தது என்பதால், 5 நொடிப் பிழை ஈர்ப்பலையுடனான ஒப்பீட்டை முற்றிலும் கெடுத்துவிடும். ஆஸ்ட்ரோபையின் நேர வகை லீப் நொடிகளைத் தானே கணக்கில் கொள்வதால் அதையே பயன்படுத்துங்கள். மேலும், தூண்டல் நேரம் வெடிப்பின் தொடக்க நேரம் அன்று. இங்கே தூண்டலுக்குச் சுமார் 0.3 நொடி முன்பே வெடிப்பு தொடங்கிவிட்டது. இணைவுக்கும் வெடிப்புக்கும் இடையே சொல்லப்படும் 1.74 நொடி அந்தத் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்டது.

வரைபடத்துக்கு மட்டும் எனில், கோப்பின் தலைப்புப் பகுதியிலுள்ள தூண்டல் நேரத்தை ஒவ்வொரு நிகழ்வின் நேரத்திலிருந்தும் கழித்தாலே போதும்.

பின்னர், கோப்பிலேயே உள்ள ஆற்றல் எல்லை அட்டவணையைக் கொண்டு 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையுள்ள நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுத்து, மூன்று உணரிகளின் எண்ணிக்கையையும் கூட்டி, 0.256 நொடி இடைவெளிகளில் வரையுங்கள். வெடிப்பின் இருபுறமும் சில பத்து நொடிகளை எடுத்து அவற்றில் தாழ்ந்த படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினால் பின்னணி (வெடிப்பு இல்லாதபோதும் பதிவாகும் எண்ணிக்கை) கிடைக்கும். வெடிப்பின் நொடிகளை அப்பொருத்தத்தில் சேர்க்கக் கூடாது. பின்னணியைக் கழித்ததும், தூண்டலை ஒட்டி அரை நொடி அகலத்தில் ஒரு முகடு தெரியும். அதைத் தொடரும் மங்கலான வால்பகுதி 10 முதல் 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலான தனி வரைபடத்தில்தான் தெளிவாகும்.

பின்சேர்க்கை: பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகளில் ஏன் முகடு எழவில்லை என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அவை சுமார் 200 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல்தான் உணரும். இவ்வெடிப்பின் உச்ச ஆற்றலோ (கதிர்வீச்சு மிகுந்திருந்த ஆற்றல்) ஏறத்தாழ 185 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதே விண்கலத்தில் உள்ள, இன்னும் உயர் ஆற்றல் காமா கதிர்களைக் காணும் லாட் தொலைநோக்கியில் இந்நேரத்துத் தரவைத் தேடியவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சும். விண்கலம் அப்போது தெற்கு அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதிக்குள் நுழைந்துகொண்டிருந்தது; அங்கே கருவிகள் பதிவை நிறுத்திவிடும். லாட்டுக்கு வகுக்கப்பட்ட விலக்கு எல்லை ஜிபிஎம்முக்கு உள்ளதைவிட அகலமானது என்பதால், அது பதிவை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது.