உப்பிய வெனீருக்கு இஸ்திரிப் பெட்டி

பேஸ் கிட்டார் உடலில் ஒட்டிய மர வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஓரிடத்தில் உப்பியிருந்தால் பிய்த்துப் போடாதீர்கள், தேய்த்தே உட்கார வைக்கலாம். தந்தி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய வேட்டித் துணியை மேலே விரித்து, நீராவி இல்லாமல், பட்டுத் துணிக்கான சூட்டில் பத்துப் பத்து விநாடியாக அழுத்துங்கள். உடனே ஒரு தட்டையான கட்டையை வைத்துப் பாரம் ஏற்றி, நன்றாக ஆறும் வரை விடுங்கள். இந்தப் பாரம்தான் முக்கியம். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடியும் உப்பும்.

ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சூட்டில் இளகும், ஆறினால் திரும்பப் பிடிக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் குடித்து விரிந்த மரம் சேலத்து வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும். அப்போது பசை வலுவில்லாத இடத்தில் வெனீர் கிளம்பிவிடும்.

எப்பாக்ஸியால் ஒட்டியதென்றால் இது பலிக்காது. மேலே லேக்கர் பூச்சு இருந்தாலும் வேண்டாம், பூச்சு கொப்பளிக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசப்போகிறீர்கள் என்றால் சரி. தேய்த்த பிறகும் நகத்தால் தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? உள்ளே பசையே இல்லை. மர ரேகையோடு பிளேடால் சின்னதாகக் கீறி, ஊசியால் பசை ஏற்ற வேண்டியதுதான்.