பட்டதாரிகள் நிறைந்த ஊரில் தொழிற்சாலைகள் ஏன் மூடின?

பொழுதுபோக்காக ஒரு நகரம் கட்டும் விளையாட்டை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற கணினி விளையாட்டில் இருப்பது போல மக்களுக்கு 4 கல்வி நிலைகள். வேலைக்கும் ஒரு நிலை. இரண்டும் பொருந்தினால்தான் வேலை.

பல்கலைக்கழகம் கட்டிய கொஞ்ச நேரத்தில் ஊரே பட்டதாரி ஆகிவிட்டது. தொழிற்சாலைகள் ஆளில்லாமல் மூடின. முதலில் வரி விகிதத்தை நோண்டினேன். வீண் வேலை.

அப்புறம் ஒரே ஒருத்தியைப் பிடித்து, மாதாமாதம் அவள் நிலவரத்தை அச்சிட்டுப் பார்த்தேன். 18 வயது, பட்டம், வேலை இல்லை. 31 வயதிலும் அதே! பக்கத்துத் தெருக் கிடங்கில் 13 வருடமாக இடம் காலி. எந்த மனுஷி இப்படி உட்கார்ந்திருப்பாள்?

நிபந்தனையைச் 'சமம்' என்பதிலிருந்து 'குறைந்தபட்சம்' என்று மாற்றினேன். உடனே பட்டதாரிகள் எல்லா வேலையையும் அள்ளிக்கொண்டார்கள், படிக்காதவர்கள் தெருவில். சரி, பொறுமை என்று ஓர் எண் சேர்த்தேன். முதல் 6 மாதம் தன் நிலைக்கேற்ற வேலையை மட்டும் தேடுவார்கள்; அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை ஒரு படி இறங்குவார்கள். கீழ் வேலையில் சேர்ந்தாலும் தேடலை நிறுத்த மாட்டார்கள். இந்தக் கடைசி வரிதான் ஊருக்கு உயிர் கொடுத்தது: ஒருவர் மேலே போனால் கீழே ஓர் இடம் காலியாகிறது.

18 வயதில் பட்டம் என்பதும் பிழைதான். இப்போது படிப்புக்கு 4 வருடம். அதுவரை வேலைக் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொன்று பாக்கி. முதலில் குடியேறிய எல்லோருக்கும் ஒரே வயது வைத்துவிட்டேன். மொத்தப் பேரும் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள்.