மின்பலகைக்குப் பின்னால் எவ்வளவு இடம்?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மின் அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மும்முனை மின்சாரம் வரும் பலகைக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு இடம் காலியாக இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். அங்கே பழைய நாற்காலியும் பெயின்ட் டப்பாவும் கொலுப்படியும் அடுக்கியிருந்தால் அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். (பூட்டுள்ள அறை என்றாலே நமக்குச் சாமான் அறைதான்!)

பலர் கோட்டைவிடுவது பின்பக்கத்தில். பலகையின் பின்புறம் இணைப்புகளோ உறையில்லாத கம்பிகளோ இருந்தால், அங்குள்ள இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாகவோ 75 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவு கூடாது. விசித்திரமாகத் தோன்றினாலும் யோசித்தால் புரியும்: 20க்குள் ஆள் நுழைய முடியாது; 75க்கு மேல் நின்று வேலை செய்யலாம். 45 செ.மீ. சந்தில் ஒருவர் ஒருக்களித்து நுழைந்துவிடுவார். ஷாக் அடித்தால் விலக இடமிருக்காது. சுவரிலிருந்து பலகையின் விளிம்பு வரை அளந்தால் போதாது. அதிகம் துருத்திக்கொண்டிருக்கும் பாகம் வரைதான் கணக்கு. 75ஐத் தாண்டிய இடமென்றால், பலகையின் ஓரத்திலிருந்து 1.8 மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாத வழியும் வேண்டும்.

எஃகு அளவுநாடாவை நீங்களே உள்ளே நீட்டிவிடாதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அளக்கட்டும். அவர் வரும்போது, மேலே தண்ணீர்க் குழாய் ஏதும் ஓடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.