மறுவிற்பனை வீட்டின் கூரைக் கசிவைச் சரிசெய்த விதம்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாங்கள் வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை அடுக்குமாடி வீட்டில், குடியேறிய சில மாதங்களிலேயே கழிப்பறைக் கூரையில் ஈரக்கறை பரவி, பிறகு நீர் சொட்டத் தொடங்கியது. கறையின் மீது சாயம் பூசினால் போதும் என்று ஒரு பழுதுபார்ப்புக் குத்தகையாளர் சொன்னார், நான் ஏற்கவில்லை. மேல்வீட்டுக் கழிப்பறைத் தரையின் நீர்த்தடுப்புப் படலம் காலப்போக்கில் தேய்ந்தால் நீர் காங்கிரீட்டுக்குள் இறங்கும். அது உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். ஆகவே பழுதுபார்ப்பு மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இத்தகைய கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கூட்டாகப் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் கழகம் 50 விழுக்காட்டையும் இரு வீட்டாரும் தலா 25 விழுக்காட்டையும் ஏற்கிறார்கள். இதை மேல்வீட்டு மலாய் மூதாட்டியிடம் பொறுமையாக விளக்கினேன். வேலை நடந்த நாள்களில் எங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டதும் அவர் மனமுவந்து இசைந்தார்.

மேல்வீட்டுக் கழிப்பறைத் தரையின் பழைய ஓடுகளையும் சிமெண்டுப் பூச்சையும் பெயர்த்து, புதிய படலம் பூசி, ஓடு பதிக்கும் முன் தரையில் நீரைத் தேக்கிச் சோதித்தார்கள். இந்தச் சோதனையை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடக்கூடாது. எங்கள் கூரை முழுதாக உலர்ந்த பிறகே சாயம் பூசினோம்.