தூதரக ஆளாகாமல் தொண்டராகப் போய்வருவது எப்படி

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவராவது வந்து, "அக்கா, பீஸ் கோரில் சேரலாமா?" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு ஊர்களுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்புதான் பீஸ் கோர் (Peace Corps). கூடவே அம்மாவும் கவலையோடு உட்கார்ந்திருப்பார். சேரும் வழியை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். அந்த ஊர்க்காரர்களைப் போல வாழும் அளவுக்கு மாதம் ஒரு படி தருவார்கள். ஓர் அரசாங்கத்தின் காசில் போய், அதன் ஆளாக ஆகாமல் திரும்பி வருவது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் 2011 முதல் 2013 வரை சீனாவில், கான்சு மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கீழே இருப்பதில் பாதி, தப்புப் பண்ணிக் கற்றது.

முதலில் பெயர். தயவுசெய்து "அமைதிப் படை" என்று மொழிபெயர்க்காதீர்கள். நான் அப்படித்தான் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாமியிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை, உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்றார். 1987இல் வந்திறங்கிய இந்திய அமைதிப் படையைக் கண்ணால் பார்த்தவர் அவர். சீனாவிலும் அந்தப் பெயருக்குப் பனிப்போர்க் கால வாடை உண்டு. அதனால் 1993இல் அங்கே நுழையும்போதே "அமெரிக்க-சீன நட்புத் தொண்டர்கள்" என்று வேறு பெயரில்தான் போனார்கள். போகிற ஊரில் உங்கள் அமைப்பின் பெயர் காதில் எப்படி விழுகிறது என்று முதல் வாரமே விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, நம்மை ஏன் அனுப்புகிறார்கள் என்பதில் பூசி மெழுகாதீர்கள். 1961 மார்ச் 1 அன்று கென்னடி ஆணை போட்டு இதைத் தொடங்கியபோது சோவியத்தோடு போட்டி உச்சத்தில் இருந்தது. அமைப்பின் மூன்று நோக்கங்களில் ஒன்றுதான் பயிற்சி பெற்ற ஆள் பலம் கொடுப்பது. அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்வது இன்னொன்று, அமெரிக்கர்கள் அவர்களைப் புரிந்துகொள்வது மூன்றாவது. ஆக, இது வெளியுறவுக் கொள்கைதான். ஆனால் அன்றைய வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் ஒன்று சொன்னார்: இதை அந்தக் கொள்கையின் கருவியாக்கினால், கொள்கைக்கு இதனால் வரும் பலனே போய்விடும். பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கரண்டியை விட்டால் தயிர் தோயுமா? இனி நான் சொல்வதெல்லாம் கரண்டியைத் தள்ளி வைக்கும் வழிகள்.

"நீ உளவாளியா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர் இதில் எந்தக் காலத்திலும் சேர முடியாது என்பது விதி. அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேச்சை மாற்றுங்கள். ஆனால் விதி மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பொலிவியாவில் 2007இல், கியூபாக்காரர்களோ வெனிசுவேலாக்காரர்களோ கண்ணில் பட்டால் தகவல் சொல்லச் சொல்லித் தூதரக அதிகாரி ஒருவர் தொண்டர்களைக் கேட்டார். அது கொள்கைக்கு விரோதமானது என்று பிறகு அமெரிக்காவே ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் இரு நாட்டு உறவு மோசமானபோது தொண்டர்களும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

எனக்கும் அதில் குட்டி அனுபவம் ஒன்று உண்டு. ஒரு விருந்தில் அரசு வேலையில் இருந்த ஒருவர், "உங்கள் மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் பெருமையாக இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்தேன். ராத்திரி படுத்தபோது வயிற்றைக் கலக்கியது. அந்தப் பிள்ளைகள் என்னிடம் சொன்னது எனக்காகச் சொன்னது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்: "பரீட்சையைப் பற்றி நினைக்கிறார்கள்." நீங்களும் இதை வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதானில் ஒரு தொண்டர், ஊரின் வறுமையைப் பற்றித் நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டையைத் தவறவிட்டார். அதைப் படித்த மாணவர்கள் பிரதி எடுத்துப் பரப்பிப் போராட்டமே நடத்தினார்கள், அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரே ஒரு அட்டை! இன்று உங்கள் கையில் போன் இருக்கிறது. கழிப்பறைப் படம் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள்.

எங்கள் கல்லூரியில் வியாழக்கிழமை சாயங்காலம் "இங்கிலீஷ் கார்னர்", அதாவது ஆங்கிலம் பேசிப் பழகும் கூட்டம். நாற்பது பேர் வட்டமாக நெருங்கி நிற்பார்கள், குளிரில் பேச்சோடு ஆவி வரும். முதல் வாரம் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "உண்மையான அமெரிக்க டீச்சர் எப்போது வருவார்?" என்று கேட்டான். திருச்சியில் பிறந்த என் கறுத்த முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அட்லஸில் திருச்சியையும் நியூ ஜெர்சியையும் காட்டி, அப்பா அமெரிக்காவுக்கு வந்த கதையைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கொள்கை விளக்கக் கூட்டம் எதுவும் அதைச் செய்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். தைவான், திபெத், தியானன்மென் மூன்றையும் தொடாதே என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தொடவில்லை. ஆனால் அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளைப் பற்றிக் கேட்டபோது மழுப்பாமல் சொன்னேன். சொந்த நாட்டின் குறையைச் சொல்கிறவரை யாரும் பிரச்சாரகர் என்று நினைப்பதில்லை.

வேலையை விடாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கவசம். கல்லூரியின் வெளிநாட்டார் விவகார அலுவலகத்தை "வைபான்" என்பார்கள். மேடை, ரிப்பன், பேச்சுப் போட்டி என்று அங்கிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். முதல் பருவத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஏழு வகுப்பு போயிற்று. அடுத்த பருவத்தில், "வகுப்பு இல்லாத நேரமென்றால் வருகிறேன்" என்று சிரித்தபடி சொல்லப் பழகினேன். பாடத்திட்டத்தை உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து எழுதுங்கள், அவர் பெயர் முதலில் இருக்கட்டும். ஏனென்றால் நீங்கள் எந்த நாளிலும் கிளம்ப நேரலாம். போட்டி நாட்டுக்கு நம் காசில் ஆசிரியர்களா என்று அமெரிக்க செனட்டர்கள் கேட்டார்கள். 2020 ஜனவரியில் சீனத் திட்டத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. உறவு கெடும்போதுதான் இது தேவை என்பது என் கட்சி, ஆனால் என்னை யார் கேட்டார்கள்? மார்ச்சில் கொரோனா வந்து, உலகம் முழுவதும் இருந்த ஏறத்தாழ 7,000 தொண்டர்களும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கவலைப்படும் அம்மாக்களிடம் இதையே வேறு மாதிரி சொல்கிறேன்: ஆபத்து என்றால் கூப்பிட்டுக்கொள்வார்கள், பயப்படாதீர்கள். பெட்டியில் கொடி போட்ட பனியன் வைக்காதீர்கள், குடும்பப் படம் நாலு வையுங்கள். புளி ஒரு கிலோ. கான்சுவில் மிளகாய் தாராளமாகக் கிடைக்கும், புளிப்புக்கு வினிகர்தான். வினிகரில் ரசம் வைத்துப் பார்த்தேன், வேண்டாம்.