பழைய டிவி கேமுக்குப் புது கேம் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

தொண்ணூறுகளில் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டிவி கேம் என்றால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வயர் வைத்த இரண்டு கன்ட்ரோலர், ஒரு மஞ்சள் கேசட். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாமின் குளோன், அதாவது நகல் பெட்டி, அது என்பது பலருக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஒரிஜினல் ஃபேமிகாமின் தயாரிப்பு 2003-ல் நின்றுபோனது. ஆனால் அதற்குப் புது கேம் வருவது நிற்கவில்லை. அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கு 2019-ல் மைக்ரோ மேஜஸ் வந்தது. சேகா மெகா டிரைவுக்கு 2010-ல் பியர் சோலார், 2018-ல் டாங்கிள்வுட். கேம் பாய்க்கு நிரல் எழுதத் தெரியாதவர்கூட ஜிபி ஸ்டூடியோவில் கேம் செய்துவிடலாம்.

நம் பக்கத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை, செலவும் குறைவு. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியே இதற்குத் தாராளம். எழுதிய நிரலைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றும் சிசி65 கம்பைலர், கணினியிலேயே பெட்டிபோல நடிக்கும் மெசன் எமுலேட்டர், இசைக்கு ஃபேமிடிராக்கர் எல்லாமே இலவசம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணினித் திரையில் ஓடும் கேமைப் பார்த்துப் பார்த்து, அது கடைசியில் எந்தப் பெட்டியில் ஓடப்போகிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மறதியின் பிள்ளைகள்தான்.

அமெரிக்கப் பெட்டிக்கு எழுதி நம்ம ஊர்ப் பெட்டியில் போடுவது

பாடம் நடத்தும் வீடியோக்கள் எல்லாம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முழுப் படம், ஓடும் அமெரிக்க, ஜப்பானியப் பெட்டியை வைத்தே பேசுகின்றன. நம் டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. இங்கே ஓடிய குளோன்களும் அதற்கேற்ப 50 ஃபிரேம் ஓடுபவையே. ஒரு ஃபிரேமுக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்து எழுதிய கேம், இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். கதாநாயகன் சேற்று வயலில் நடப்பதுபோல் நடப்பான், பாட்டும் இழுக்கும்.

சரி, ஐரோப்பிய பால் பெட்டிக்கான பாடத்தைப் படித்தால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் இரண்டாவது குழி. ஐரோப்பிய என்இஎஸ்ஸில் படம் வரைந்து முடித்தபின் கிடைக்கும் இடைவேளை, அதாவது விபிளாங்க், திரையின் கிடைவரிக் கணக்கில் 70 வரி நீளம். திரையில் தெரிவதை மாற்றி எழுத அந்த நேரம்தான் தோது. ஆனால் 50 ஃபிரேம் குளோன்களை வடிவமைத்தவர்கள் அமெரிக்க கேசட்டுகளும் ஓடவேண்டும் என்று நினைத்து, கூடுதல் வரிகளைப் படத்துக்கும் விபிளாங்குக்கும் நடுவே சும்மா விட்டுவிட்டார்கள். அதனால் விபிளாங்க் பழையபடி 20 வரிதான், ஏறக்குறைய 2,270 சுழற்சி (சிப்பின் ஒரு துடிப்புதான் ஒரு சுழற்சி). ஐரோப்பாவை நம்பி அதிகமாக எழுதினால் திரை கலங்கிவிடும். ஆனால் மொத்த ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் அமெரிக்கப் பெட்டியில் சுமார் 29,780 சுழற்சி என்றால், இந்தக் குளோனில் சுமார் 35,460. யோசிக்க நேரம் அதிகம், வரைய நேரம் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக்கு எமுலேட்டர்களில் தனி அமைப்பே உண்டு. ரஷ்யாவில் ஓடிய குளோனின் பெயரால் ‘டெண்டி’ என்று இருக்கும். மெசனிலும் எஃப்சிஇயுஎக்ஸிலும் அதைப் பார்க்கலாம். பெயர் ரஷ்யாவுடையது, ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கு மிகக் கிட்டே வருவது அதுதான். கேம் தொடங்கும்போதே இரண்டு விபிளாங்குக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து, வேகத்தையும் பாட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி எழுதிவிட்டால் எல்லா ஊரிலும் ஓடும்.

எமுலேட்டரில் ஓடியதே போதும் என்பது

எமுலேட்டர் பல நேரம் நினைவகத்தைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கித் தரும். உண்மையான பெட்டி அப்படியில்லை. ஸ்விட்ச் போட்டதும் அந்த 2 கேபி ராமில் என்ன குப்பை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மதிப்பு கொடுக்காத ஒரு மாறியை நம்பினால் மூன்றாவது லெவலில் உயிர் 200 என்று காட்டும். மெசனில் ராமைக் கண்டபடி நிரப்பித் தொடங்கும் அமைப்பு இருக்கிறது. முதல் நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. நிறங்களின் பட்டியலில் பூஜ்யம்-டி (0D) என்ற எண்ணுக்கு எதிரே கருப்பு தெரியும். அது கருப்பை விடவும் கீழே போகிற சிக்னல். சில டிவிகளில் படம் நிலைகொள்ளாமல் ஆடிவிடும். கருப்பு வேண்டுமென்றால் பூஜ்யம்-எஃப் (0F) மட்டும்.

சோதிக்க ஒரு குண்டு டிவி வேண்டும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 2006-க்குப் பின் அரசு தந்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அதில் ஓட்டிப் பார்த்தால்தான் மேல்வரியும் கீழ்வரியும் சட்டத்துக்குள் மறைவது தெரியும். ஸ்கோரைத் திரையின் விளிம்பில் ஒட்டி வைக்காமல் 16 புள்ளியாவது தள்ளி வையுங்கள்.

வாத்துக் கூட்டம்

அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதை கேமாக்கலாம் என்று டெல்டாக்காரர் யாருக்கும் தோன்றும். அருமையான யோசனை, ஆனால் இந்த இயந்திரத்துக்கு அது வில்லங்கம். நகரும் உருவங்களுக்கான ஸ்பிரைட் மொத்தம் 64. ஒரே கிடைவரியில் 8-க்கு மேல் வராது. ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம் என்பதால் 16 புள்ளி அகல வாத்துக்கு இரண்டு வேண்டும். நான்கு வாத்து வரிசையாக நின்றதும் கணக்கு முடிந்தது. ஐந்தாவது வாத்தும் மேய்ப்பவரும் காணாமல் போவார்கள்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்பிரைட்டுகளின் வரிசையை மாற்றிப் போட்டால் முழுதாக மறையாமல் மின்னி மின்னித் தெரியும். அந்தக் காலத்துக் கேம்கள் மின்னியதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால், தூரத்தில் நிற்கும் கூட்டத்தைப் பின்னணிப் படமாகவே வரைந்துவிட்டு, தப்பி ஓடும் இரண்டு வாத்தை மட்டும் ஸ்பிரைட்டாக விடுவேன்.

மதகு திறந்து கடைமடை வரை தண்ணீர் பாய்ச்சும் புதிர் இதைவிடச் சுலபம். அங்கே மாறுவது பின்னணியை அடுக்கும் 8-க்கு 8 புள்ளிக் கட்டங்கள் மட்டுமே. ஒரு ஃபிரேமுக்குச் சில கட்டம் என்று மாற்றினால் தண்ணீர் ஓடுவதுபோலவே இருக்கும்.

தமிழைக் கடைசிக்குத் தள்ளுவது

இது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. கேம் முழுவதையும் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, ‘அப்புறம் தமிழாக்கிக்கலாம்’ என்பார்கள். ஆங்கில எழுத்து 8-க்கு 8 புள்ளிக் கட்டத்தில் அடங்கும். ‘ணூ’வை அதில் வரைந்து காட்டுங்கள் பார்ப்போம்.

கணக்குப் போடுவோம். 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவம் வைத்தால் 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி நான்கு. உயிரும் ஆய்தமும் 13. ஆக 125. ஸ, ஜ, ஷ, ஹ தனி. ஒவ்வொன்றையும் 16-க்கு 16-ல் வரைந்தால் நான்கு கட்டம் வீதம் 500 கட்டம். பின்னணிக்கு ஒரு நேரத்தில் கிடைப்பதோ 256. சாதாரண கேசட்டின் மொத்தப் பட நினைவகம் 8 கேபி. எழுத்து மட்டுமே அதை ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும். ‘கும்பகோணம்’ என்று ஒரு சொல் போட்டால் எட்டு வடிவம், 128 புள்ளி. திரையின் பாதி அகலம் போய்விட்டது.

அதனால் முடியாது என்று அர்த்தமில்லை. முதல் நாளே திட்டம் வேண்டும், அவ்வளவுதான். படங்களை ஓடும்போதே மாற்றக்கூடிய ராம் உள்ள கேசட் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காட்சியில் வரும் வசனத்துக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் அப்போது ஏற்றினால் போதும். ஒரு எழுத்துக்கு 64 பைட். வேகமாக எழுதினால் 512 சுழற்சி. விபிளாங்கில் ஸ்பிரைட் பட்டியலை அனுப்பச் செலவாகும் 513-ஐக் கழித்தாலும் மூன்று எழுத்துக்கு இடமிருக்கிறது. ஃபிரேமுக்கு ஒரு எழுத்தாக ஏற்றினால் வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும். அது குறையாகத் தெரியாது, அழகாகவே இருக்கும். ‘ர’, கால் போன்ற ஒல்லி வடிவங்களை 8 புள்ளி அகலத்திலேயே வரைந்தால் இடமும் மிஞ்சும்.

இன்னொன்று: கணினியில் ‘கெ’ என்று அடித்தால் முதலில் க, பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் பிரிய வேண்டும். இந்த வேலையைப் பாவம் அந்த 8 பிட் சிப்பின் தலையில் கட்டாதீர்கள். கேமை உருவாக்கும்போதே கணினியில் ஒரு சின்ன பைத்தான் நிரல் வரிசை மாற்றிக் கொடுத்துவிடட்டும்.

நாதஸ்வரமும் தவிலும்

திருவாரூர்ப் பக்கத்துக்காரர் இசை சேர்த்தால் நாதஸ்வரச் சாயல் வராமல் இருக்காது. பெட்டியின் ஒலித் தடங்களில் ஒன்றான பல்ஸ் சேனலில் 25 சதவீத அலை அந்த மூக்குக் குரலுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் பல குளோன்களில் 25-ம் 50-ம் இடம் மாறியிருக்கும். நாதஸ்வரம் போட்ட இடத்தில் புல்லாங்குழல்போல் ஏதோ கேட்கும். இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கமகம் இன்னொரு சங்கடம். சுரத்தை நெளிக்கும்போது அதிர்வெண்ணைக் குறிக்கும் இரண்டு பைட்டில் மேல் பைட் மாறும் எல்லையைத் தாண்டினால், அந்தப் பைட்டை எழுதும் ஒவ்வொரு முறையும் அலை முதலிலிருந்து தொடங்கி ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கமகம் அந்த எல்லையில் விழாத சுருதியாகப் பார்த்து வைப்பது ஒரு வழி. தவிலுக்குப் பதிவு செய்த ஒலித்துண்டைப் போட்டால் வேறு வினை: ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளில் அந்த ஒலி ஓடும் நேரத்தில் பட்டன்களைப் படித்தால் அழுத்தாத பட்டன் அழுத்தியதாக வரலாம். இரண்டு முறை படித்து, விடை ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரைச்சல் மட்டும் எழுப்பும் நாய்ஸ் சேனலிலேயே நல்ல தவில் அடிக்கலாம் என்பது என் கட்சி.

பேட்டரியை நம்பி மின்சாரத்தை மறப்பது

ஸ்கோரைக் கேசட்டில் பேட்டரியோடு இருக்கும் ராமில் சேமிக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதியபடி நின்றுவிடும். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம். இரண்டு பிரதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும் ஒரு கூட்டுத்தொகைச் சோதனை போட்டு, மாற்றி மாற்றி எழுதினால் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். சிறிய கேம் என்றால் பாஸ்வேர்டே போதும்.

கேசட் செய்யும்போது

கேம் முடிந்ததும் கேசட் செய்யும் ஆசை வரும். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பல, அமெரிக்க என்இஎஸ்ஸின் 72 முனை அமைப்புக்கானவை. நம் குளோன்கள் ஃபேமிகாம்போல 60 முனை. வெறுமனே முனைகளை இடம் மாற்றினால் படம் வரும், சத்தம் வராது. காரணம், ஃபேமிகாமில் ஒலி 45-ஆம் முனை வழியாகக் கேசட்டுக்குள் போய் 46-ஆம் முனை வழியாகத் திரும்புகிறது. அந்த இரண்டையும் பலகையில் இணைக்காவிட்டால் பெட்டி ஊமைதான்.

விலை குறைவென்று 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை 5 வோல்ட் பெட்டியில் நேரே மாட்டுபவர்களும் உண்டு. கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். ஆனால் சிப்பும் பெட்டியும் இரண்டுமே அவதிப்படும். இடையில் வோல்டேஜ் மாற்றும் சிப்பைப் போடுங்கள், அல்லது 5 வோல்ட் சிப்பையே வாங்குங்கள். முனைகளுக்குத் தங்க முலாம் கேட்டு வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் வெறும் ஈயப்பூச்சு நிற்காது. வாங்குபவரிடம் ஊதிப் போட வேண்டாம் என்றும் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம். கேசட்டை ஊதுவது நம் தேசியப் பழக்கம், ஆனால் வாயின் ஈரம்தான் முனையை அரிக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

அட்டையும் பெயரும்

‘999 இன் 1’ கேசட்டில் வளர்ந்ததால் அடுத்தவர் உருவத்தை எடுத்துப் போடுவது நமக்குத் தப்பாகவே தெரிவதில்லை. மீசைக்காரப் பிளம்பருக்கு வேட்டி கட்டிவிட்டாலும் அவர் நின்டெண்டோவின் ஆள்தான். அட்டையில் அவர்கள் லோகோவும் கூடாது. பழைய இயந்திரத்துக்குச் சொந்தமாக நிரல் எழுதுவது வேறு விஷயம். தனியாக எழுதிய ஒரு நிரல் மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைத் தெரிந்துகொள்வதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கசிந்த அதிகாரபூர்வ கருவிகளைத் தொடாதீர்கள். முதல் எக்ஸ்பாக்ஸுக்கு மைக்ரோசாஃப்டின் கருவியில் செய்த கேம்களை, செய்தவர்களாலேயே சட்டப்படி வெளியிட முடியாத நிலை இருந்தது. டிரீம்காஸ்ட்டுக்குக் கல்லிஸ்டிஓஎஸ், மெகா டிரைவுக்கு எஸ்ஜிடிகே என்று திறந்த கருவிகளே தாராளமாக இருக்கின்றன.

கேசட்டுக்கு முன்பணம் வாங்குவதைப் பற்றி ஒரே வரி: கேம் முழுதாக முடிந்து, உண்மையான பெட்டியில் ஓடி, மாதிரிக் கேசட் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். அதுவரை ரோம் கோப்பை, அதாவது கேசட்டில் போகும் கேமின் கோப்பை, இட்ச் என்ற கேம் விற்பனைத் தளத்தில் விற்கலாம், இலவசமாகவும் விடலாம். பெட்டி இல்லாதவர்கள் எமுலேட்டரில் ஆடட்டும், அமைப்பை மட்டும் டெண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள்.